சர்க்கரைக்குக் கட்டுப்பாடு போனது, கரும்புக்குப் போனதா?

கரணைக்காரன் | விழுப்புரம் மாவட்டம் | சனி, காலை 7.10

2025-26 பருவத்துக்குக் கரும்பு டன்னுக்கு 3,550 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்த செய்தியைப் பார்த்துவிட்டு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். எங்கள் ஆலையின் கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 9.5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதனால் எங்களுக்கு வரப்போவது 3,290 ரூபாய் 50 காசு. நடுவில் இருக்கிற 259 ரூபாய் 50 காசு எங்கே போனது என்று போனில் விளக்க முடியவில்லை. விளக்கப் போனால் முப்பது வருடக் கதையை எடுக்க வேண்டும். அதை இங்கே எடுக்கிறேன்.

பொருளாதாரச் சீர்திருத்தம் என்றால் எல்லோரும் 1991ஐச் சொல்வார்கள். அந்த வருடம் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஆனபோதும் சர்க்கரையைத் தொடவில்லை. 1998 ஆகஸ்டில்தான் புது ஆலைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார்கள். ரேஷனுக்காக ஆலைகளிடம் குறைந்த விலையில் எடுத்துக்கொண்ட லெவி சர்க்கரை அதுவரை 40 சதவீதம். 2000ல் 30, 2001ல் 15, 2002ல் 10 என்று அது இறங்கியது. சர்க்கரைக் கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. 2013 ஏப்ரலில் லெவியை எடுத்தார்கள். எந்த ஆலை எப்போது எவ்வளவு சர்க்கரையை வெளியே விடலாம் என்று டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த ரிலீஸ் ஆர்டரையும் எடுத்தார்கள்.

இவையெல்லாம் ஆலை சர்க்கரையை விற்கிற பக்கம். ஆலை கரும்பை வாங்குகிற பக்கம் என்ன மாறியது?

1966ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் இருக்கிறது. எந்தக் கிராமத்துக் கரும்பு எந்த ஆலைக்கு என்று பகுதி ஒதுக்கும் அதிகாரமும் அதில் இருக்கிறது. பக்கத்து ஆலைக்காரர் கையில் பணத்தோடு வந்து நின்றாலும் என் பதிவுக் கரும்பை அவருக்கு ஏற்ற முடியாது. சரி, கட்டுப்பாடு இருக்கட்டும். அதே ஆணையில் நமக்குச் சாதகமாக 5ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. பார்கவா கமிஷன் சொல்லி 1974ல் சேர்த்தது. சர்க்கரை நல்ல விலைக்குப் போய் ஆலைக்குக் கூடுதல் லாபம் வந்தால் அதில் பாதி கரும்பு கொடுத்தவருக்கு. 2009ல் நியாயமான மற்றும் ஆதாய விலை, அதாவது மத்திய அரசு அறிவிக்கும் எப்.ஆர்.பி. வந்தபோது 5ஏ பிரிவை எடுத்துவிட்டார்கள். 2004-05 முதல் 2008-09 வரைக்கான லாபப் பங்கைக் கேட்டு நம் சங்கங்கள் இன்றைக்கும் மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் மத்திய விலைக்கு மேல் மாநில அரசு வைக்கும் பரிந்துரை விலை என்று ஒரு தூண் இருந்தது. 2013-14லிருந்து தனியார் ஆலைகள் பல அந்தக் கூடுதல் தொகையைத் தர மறுத்தன. நிலுவை ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அப்புறம் 2017-18லிருந்து பரிந்துரை விலையே கிடையாது. 2018ல் சட்டசபையில் கரும்பு கொள்முதல் விலைச் சட்டம் நிறைவேறி, ஆலையின் வருவாயில் விவசாயிக்குப் பங்கு என்ற வருவாய்ப் பகிர்வு முறை வந்தது.

சீர்திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்பவருக்கு மட்டும் சந்தையைத் திறந்துவிட்டு, விளைவிப்பவரை ஒரே ஆலையோடு கட்டிப்போட்டு, அவருக்கு இருந்த லாபப் பங்கையும் எடுத்துக்கொள்வது பாதிச் சீர்திருத்தம் என்கிறேன். மறுப்பு இருந்தால் கணக்கோடு சொல்லுங்கள், பேசலாம்.

புதுவாசகன் | சென்னை | சனி, காலை 8.02

நல்ல பதிவு. ஒரு சந்தேகம். 3,550 எப்படி 3,290 ஆகிறது? ஏதாவது பிடித்தமா?

கரணைக்காரன் | சனி, காலை 9.25

பிடித்தம் இல்லை நண்பரே. 3,550 என்பது நூறு கிலோ கரும்பிலிருந்து 10.25 கிலோ சர்க்கரை கிடைத்தால் தரும் விலை. அதைத்தான் கட்டுமானம் அல்லது பிழிதிறன் என்கிறோம். 10.25க்குக் கீழே ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு குறையும். 9.5க்குக் கீழே எவ்வளவு போனாலும் 9.5க்கு உரிய விலை, அதுதான் 3,290.50. தமிழ்நாட்டில் நிறைய ஆலைகள் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கின்றன.

இந்த அடிப்படைக் கட்டுமானத்தை எப்படி ஏற்றினார்கள் என்று பாருங்கள். 2004-05 வரை 8.5 சதவீதம். 2005-06லிருந்து 9. 2009-10ல் 9.5. 2018-19ல் 10. 2022-23ல் 10.25.

2017-18ல் விலை 2,550, அப்போது அடிப்படை 9.5. அடுத்த வருடம் 2,750 என்று அறிவித்தார்கள், டன்னுக்கு 200 ரூபாய் உயர்வு என்று செய்தி வந்தது. ஆனால் அடிப்படையை 10 ஆக்கிவிட்டதால் 9.5 ஆலைக்குக் கரும்பு போட்டவருக்கு 2,612.50தான் கிடைத்தது. உயர்வு 62 ரூபாய் 50 காசு. 2022-23ல் இன்னொரு தடவை இதே நடந்தது. 2,900லிருந்து 3,050, பார்வைக்கு 150 ரூபாய். 9.5 கட்டுமானத்தில் 2,755லிருந்து 2,821.25. உயர்வு 66 ரூபாய் 25 காசு.

அறிவிப்பைக் கேட்டுக் கடைக்காரரும் மேஸ்திரியும் கூலியை ஏற்றுகிறார்கள். நம் கையில் வருவது வேறு எண்.

ஆலைக்கணக்கு | ஓய்வு பெற்றவன் | சனி, முற்பகல் 11.40

சர்க்கரை ஆலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரணைக்காரன் சொன்ன தேதிகளும் தொகைகளும் சரி. அவருடைய முடிவில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆலை சர்க்கரை விற்கிற பக்கமும் திறந்திருக்கவில்லை. ஐந்து வருடம் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

2017-18ல் நாடு முழுக்க சுமார் 325 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தியானது. நாம் தின்பது அப்போது 250 லட்சம் டன் அளவு. விலை சரிந்தது, கரும்பு பாக்கி நாடு முழுக்க 20 ஆயிரம் கோடிக்கு மேல் போனது. உடனே 2018 ஜூனில் சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலை கிலோ 29 ரூபாய் என்று வைத்தார்கள். கூடவே மாதாமாதம் ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு விற்கலாம் என்ற கோட்டாவும் திரும்ப வந்தது. 2013ல் வெளியே அனுப்பிய ரிலீஸ் ஆர்டர் வேறு பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 2019 பிப்ரவரியில் 29ஐ 31 ஆக்கினார்கள். அதன் பிறகு எப்.ஆர்.பி. 2,750லிருந்து 3,550க்குப் போயிருக்கிறது. 31 ரூபாய் நகரவில்லை.

ஏற்றுமதியும் அப்படித்தான். 2021-22ல் 100 லட்சம் டன்னுக்கு மேல் வெளிநாடு போனது. 2022-23ல் சுமார் 60 லட்சம் டன்னோடு நிறுத்தினார்கள். 2023-24ல் சுத்தமாகக் கதவை அடைத்தார்கள். 2024-25க்கு 10 லட்சம் டன், 2025-26க்கு முதலில் 15 லட்சம் டன் என்று அளந்து விடுகிறார்கள். உலகச் சந்தையில் நல்ல விலை இருக்கும்போது விற்க முடியாது, விலை விழுந்த பிறகு அனுமதி வரும்.

ஒரு டன் கரும்புக்குக் கணக்குப் போடுகிறேன். 9.5 கட்டுமானத்தில் 95 கிலோ சர்க்கரை. 31 ரூபாய்க்கு விற்றால் 2,945. கரும்புக்கு மட்டுமே 3,290.50 தர வேண்டும். நல்லவேளை, ஆலைவாசல் விலை இந்தப் பருவத்தில் 38 ரூபாய் அளவில் இருக்கிறது. 95 கிலோ 3,610. கரும்புப் பணம் போக மீதி 319.50. சம்பளம், வட்டி, பராமரிப்பு, சுண்ணாம்பு, கந்தகம், சாக்கு எல்லாம் இதற்குள் அடங்காது. கழிவுப்பாகும் சக்கையும் இல்லாவிட்டால் எந்த ஆலையும் ஓடாது.

கரணைக்காரன் | சனி, மதியம் 12.30

ஐயா, கழிவுப்பாகையும் சக்கையையும் தனியாக ஒதுக்கிவிட்டுப் பேசினால் எப்படி? நான் கொடுத்தது கரும்பு. அதிலிருந்து சர்க்கரையும் வருகிறது, எத்தனாலும் வருகிறது, சக்கையிலிருந்து கரண்டும் வருகிறது, சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் மண்டியை உரமாக விற்கிறார்கள். இவற்றில் எனக்குப் பங்கு உண்டா என்பதுதானே கேள்வி? வருவாய்ப் பகிர்வு முறை பற்றி உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

ஆலைக்கணக்கு | சனி, பிற்பகல் 3.15

நியாயமான கேள்விதான். ரங்கராஜன் குழு சொன்னது இது: சர்க்கரையோடு கழிவுப்பாகு, சக்கை, மண்டி எல்லாவற்றின் மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்கு. துணைப் பொருட்களைக் கணக்கிடுவது சிக்கல் என்றால், சர்க்கரையின் ஆலைவாசல் மதிப்பில் மட்டும் 75 சதவீதம். எப்.ஆர்.பி. கீழ் எல்லையாக இருக்கும். பங்கு அதைத் தாண்டினால் மீதியைப் பருவம் முடிந்து தர வேண்டும்.

இப்போதைய எண்களை வைத்துப் பாருங்கள். 3,610ல் 75 சதவீதம் 2,707.50. எப்.ஆர்.பி.யோ 3,290.50. 9.5 கட்டுமானத்தில் பகிர்வுப் பங்கு எப்.ஆர்.பி.யைத் தொடவே ஆலைவாசலில் சர்க்கரை கிலோ 46 ரூபாய்க்கு மேல் போக வேண்டும். கோட்டாவும் ஏற்றுமதித் தடையும் இருக்கிற வரை அந்த விலை நிலைக்காது. அதனால் பகிர்வு முறை ஏட்டில் இருக்கிறது, கையில் வருவது எப்.ஆர்.பி. மட்டும்.

எத்தனால் பற்றி நிறைய தவறான நம்பிக்கை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கழிவுப்பாகு, அதாவது சி-ஹெவி, ஒரு டன் கரும்புக்குச் சுமார் 45 கிலோ வரும். அதில் ஏறக்குறைய 10 லிட்டர் எத்தனால். லிட்டர் 57.97 என்றால் 580 ரூபாய், எத்தனால் எடுக்கும் வடிப்பாலையின் செலவு இதற்குள்தான். கரும்புச் சாற்றையே நேராக எத்தனாலாக்கினால் 600 லிட்டருக்கு ஒரு டன் சர்க்கரை என்று 2018ல் திருத்திய கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கணக்கு வைத்திருக்கிறது. சாற்று எத்தனால் லிட்டர் 65.61. பெருக்கினால் 39,366 ரூபாய், கிலோ சர்க்கரைக்கு 39 ரூபாய் சொச்சம். சர்க்கரையாக விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லாபம் எங்கே என்றால், எத்தனால் பணம் எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து சீக்கிரம் வந்துவிடும். சர்க்கரை கிடங்கில் மாதக்கணக்கில் வட்டியைத் தின்றுகொண்டு கிடக்காது.

அதிலும் நிலையான கொள்கை இல்லை. வடிப்பாலை கட்டுங்கள் என்று வட்டி மானியம் கொடுத்துக் கடன் வாங்க வைத்தார்கள். 2023 டிசம்பரில் திடீரென்று சாற்றிலிருந்து எத்தனால் எடுக்காதே என்றார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி எடுக்கலாம் என்றார்கள். அந்த எட்டு மாதம் கடனுக்கு வட்டி நிற்கவில்லை.

மேட்டுநிலம் | பெரம்பலூர் மாவட்டம் | சனி, மாலை 6.50

நான் கரும்பை விட்டு மக்காச்சோளத்துக்குப் போனவன். பெரம்பலூர் பக்கம் மேட்டுநிலம் முழுக்க இப்போது அதுதான். காரணம் எளிது. மக்காச்சோளம் நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும், வியாபாரி களத்திலேயே எடை போட்டுப் பணம் கொடுப்பார். கரும்பு பன்னிரண்டு மாதம் நிற்க வேண்டும், அப்புறம் ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும், வெட்டியபின் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

எத்தனால் விலையைச் சேர்த்துப் பாருங்கள். மக்காச்சோள எத்தனால் லிட்டர் 71.86. கரும்புச் சாற்று எத்தனால் 65.61, அது 2022-23லிருந்து அப்படியே நிற்கிறது. 2025ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை எட்டியாயிற்று, அதில் மக்காச்சோளத்தின் பங்கு கரும்பை முந்திவிட்டது. கரும்புக்காரரைக் காப்பாற்றத்தான் எத்தனால் என்று சொல்லித் தொடங்கிய திட்டம் இது. மக்காச்சோள விலையும் எப்போது விழும் என்று தெரியாது, படைப்புழு வந்தால் போச்சு. ஆனால் விழுந்தாலும் அடுத்த போகத்தில் வேறு பயிருக்குப் போய்விடலாம். வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்பு நிற்கிற வயலில் அது முடியாது.

பரு நாற்று | வேளாண் பட்டதாரி, கோவை | சனி, இரவு 9.05

கட்டுமானம் பற்றி யாரும் ஆழமாகப் பேசவில்லை. தமிழ்நாட்டுக் கரும்பின் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

2000 வாக்கில் வெளியிட்ட கோ 86032 ரகம்தான் இன்னும் நம் வயல்களில் பெரும்பகுதி. அருமையான ரகம், வறட்சி தாங்கும், கட்டையும் நன்றாக விடும். ஆனால் இத்தனை வருடம் ஒரே ரகத்தைச் சார்ந்திருந்தால் விதைக்கரணையின் தரம் தேயும். உத்தரப் பிரதேசத்தில் 2009ல் வெளியிட்ட கோ 0238 பரவியதும், 9 சதவீத அளவில் இருந்த கட்டுமானம் 11க்கு மேல் ஏறியது. இரண்டும் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பெயர் தாங்கியவை. 1912ல் தொடங்கிய நிறுவனம் நம் ஊரில் இருந்துகொண்டு வட இந்தியாவின் வருமானத்தை மாற்றியது.

குளிர் அவர்களுக்குச் சாதகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் குளிரில் சர்க்கரை நன்றாகத் தங்கும். நமக்கு அந்தக் குளிர் இல்லை. ஆனால் நம் கையில் இருப்பதை நாம் விடுகிறோம். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்தில் பிழிய வேண்டும். ஆலை வாசலில் டிராக்டர் இரண்டு நாள் நின்றால் கட்டுமானம் கண்ணெதிரே இறங்கும். ஆள் கிடைக்காமல் வெட்டு கோடைக்குத் தள்ளிப்போனாலும் இறங்கும். பழைய கூட்டுறவு ஆலைகளில் மில் அடிக்கடி நின்றாலும் இறங்கும்.

இதில் விவசாயியின் தவறு எவ்வளவு? விலையை நிர்ணயிப்பது ஆலையின் மொத்தச் சராசரி. சோகை உரித்து, முதிர்ந்த கரும்பை அன்றைக்கே ஏற்றி அனுப்பியவருக்கும் அதே விலை, பச்சைத் தோகையோடு அனுப்பியவருக்கும் அதே விலை. தரமாகக் கொடுத்தால் கூடுதல் வரும் என்ற சந்தை விதி கரும்பில் தனி விவசாயிக்கு வேலை செய்யவே இல்லை. அடிப்படையை 10.25க்கு ஏற்றியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

கங்கைக்கரை | மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வேலை | ஞாயிறு, காலை 6.30

நான் மீரட் பக்கம் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருக்கிறேன். இங்கே இந்தப் பருவத்துக்கு மாநில அரசு விலை முன்பட்ட ரகத்துக்குக் குவிண்டால் 400, டன்னுக்கு 4,000. கட்டுமானம் எவ்வளவு என்ற கேள்வியே விவசாயிக்கு இல்லை. ரகத்தைப் பார்த்து விலை.

ஏன் இங்கே மாநில விலை நிலைத்தது, தமிழ்நாட்டில் போனது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, கோர்ட். மாநிலம் விலை சொல்லலாமா என்று 2004ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொன்னது, 2020 ஏப்ரலில் மறுபடி ஐந்து நீதிபதிகள் உறுதி செய்தார்கள்: மத்திய விலைக்கு மேல் மாநிலம் கூடுதல் விலை வைக்கலாம். இந்தத் தீர்ப்பு வந்தபோது தமிழ்நாடு தன் கையில் இருந்த அதிகாரத்தை விட்டுவிட்டிருந்தது.

இன்னொன்று, தெரு. 2009ல் எப்.ஆர்.பி. கொண்டுவந்தபோது, மாநிலம் அதைவிட அதிக விலை வைத்தால் வித்தியாசத்தை மாநிலமே கொடுக்கட்டும் என்று 3பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த நவம்பரில் இந்தப் பக்கத்து விவசாயிகள் டெல்லிக்குள் போய் உட்கார்ந்தார்கள். பிரிவைத் திரும்பப் பெற்றார்கள். இங்கே கரும்பு என்பது பத்துப் பதினைந்து மாவட்டத்தின் ஓட்டு.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாக்கி இங்கேயும் மாதக்கணக்கில் நிற்கிறது. கடன் தவணை தப்பியவர்கள் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கிறேன். சர்க்கரை விற்ற பணத்தில் 85 சதவீதத்தைக் கரும்புப் பணத்துக்கென்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றும் ஆலையில் பாக்கி குறைவு. கோ 0238ல் செவ்வழுகல் நோய் பரவி வயல் வயலாகக் காய்கிறது. பரு நாற்று சொன்ன ஒற்றை ரகச் சார்பு இங்கே இன்னும் பயங்கரம்.

புதுவாசகன் | ஞாயிறு, காலை 9.48

நகரத்தில் இருப்பவன் கோணத்தில் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சர்க்கரையைச் சுதந்திரமாக விட்டால் கடையில் விலை ஏறும். ஏழைக் குடும்பம் என்ன செய்யும்?

கரணைக்காரன் | ஞாயிறு, முற்பகல் 10.30

கேட்க வேண்டிய கேள்விதான். சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்குவது வீடுகள் இல்லை. குளிர்பானம், பிஸ்கட், ஸ்வீட் ஸ்டால், ஐஸ்கிரீம் கம்பெனிகள். ஏற்றுமதியை நிறுத்தி விலையைப் பிடித்து வைத்தால் பலன் முதலில் அவர்களுக்குப் போகிறது. ஏழைக் குடும்பத்துக்கு ரேஷன் இருக்கிறது. லெவியை எடுத்தபோது மாநிலங்கள் வெளிச்சந்தையில் வாங்கிக்கொள்ளட்டும், கிலோவுக்கு 18.50 மானியம் தருகிறோம் என்றது மத்திய அரசு. வெளிச்சந்தை விலை அதன் பிறகு ஏறியதற்கு ஏற்ப அந்தத் தொகையை ஏற்றியிருந்தால் நுகர்வோருக்கும் பாதுகாப்பு, நமக்கும் விலை. மலிவு விலைச் சர்க்கரைக்கான செலவை அரசு தன் பட்ஜெட்டில் காட்டாமல் கரும்பு வயலில் ஏற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வெல்லப்பாகு | ஈரோடு மாவட்டம் | ஞாயிறு, பிற்பகல் 2.20

ஆலையை விட்டு வெளியே வந்தவர்கள் சார்பில் நானும் எழுதுகிறேன். எங்கள் பக்கம் கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை ஏலம், நாமக்கல் பக்கம் பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலம். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை எங்கள் ஊர் விற்பனைக் கூடத்திலிருந்து போகிறது. கரும்பை வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குக் கொடுத்தால் பணம் கையோடு வரும். பதிவு, வெட்டு உத்தரவு, விவசாயியும் ஆலையும் அதிகாரிகளும் உட்காரும் முத்தரப்புக் கூட்டம் எதுவும் இல்லை. உண்மையான தடையில்லாச் சந்தை என்றால் இதுதான்.

ஆனால் எங்களுக்கும் சர்க்கரை விலை இடிக்கிறது. வெள்ளைச் சர்க்கரை வெல்லத்தைவிட மலிவாகக் கிடைக்கும்போது, கொப்பரையில் சர்க்கரை மூட்டையைக் கொட்டிக் கரைக்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் டன் கணக்கில் பிடித்த செய்தியைப் பொங்கலுக்கு முன்னால் வருடாவருடம் படித்திருப்பீர்கள். சுத்தமாகக் காய்ச்சுகிறவர் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது. 2025 மே மாதம் வந்த புதிய சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆணை, நாளுக்கு 500 டன்னுக்கு மேல் பிழியும் கண்ட்சாரி ஆலைகளையும் (பழைய முறையில் சர்க்கரை எடுப்பவை) கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது, அவர்களும் எப்.ஆர்.பி. தர வேண்டும். எங்கள் கொட்டகைகள் அதில் வராது. ஆனால் எல்லோரும் வெல்லத்துக்கு வந்தால் மூன்றே ஏலத்தில் விலை படுத்துவிடும். ஆலைக்கு மாற்றாக இதை நம்பி யாரும் கரும்பு நட வேண்டாம், கொஞ்சம் கரும்பை இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன்.

தோகைமேடு | கடலூர் மாவட்டம் | ஞாயிறு, மாலை 5.35

எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள், வெட்டுக் கூலியை யாரும் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் டன்னுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மழைக் காலத்தில் வயலில் வண்டி இறங்காவிட்டால் அதற்கு மேல் தூக்குக் கூலி. மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். 3,290ல் மூன்றில் ஒரு பங்கு வயலை விட்டுக் கரும்பு கிளம்புவதற்குள் போய்விடுகிறது.

மத்திய அரசு இந்தப் பருவத்து விலையை அறிவித்தபோது உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 173 ரூபாய், அதைவிட 105 சதவீதம் அதிகம் தருகிறோம் என்றது. அந்த 173 என்பது கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டும் சேர்த்த கணக்கு. நிலத்துக் குத்தகை அதில் இல்லை, போட்ட முதலுக்கு வட்டி இல்லை. குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த 105 சதவீதம் எங்கே இருக்கிறது என்று அறிக்கை எழுதியவர்கள் வந்து காட்டட்டும்.

இயந்திரம் வைத்து வெட்டலாம் என்கிறார்கள். அதற்குக் கரும்பு வரிசைகளுக்கு நடுவே நாலரை, ஐந்தடி இடைவெளி வேண்டும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டு நிலத்தில் இயந்திரம் திரும்பவே இடம் இருக்காது.

ஆலைக்கணக்கு | ஞாயிறு, இரவு 8.10

தோகைமேடு சொன்னதோடு ஆலைப் பக்கத்தையும் சேர்க்கிறேன். தமிழ்நாடு 2011-12ல் 20 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்தது. 2016 வறட்சிக்குப் பிறகு, 2017-18ல் அதில் பாதிகூட இல்லை. ஆலைகள் பாதித் திறனில் ஓடினால் டன்னுக்கு விழும் நிலைச்செலவு இரட்டிப்பாகும். அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை கரும்பு இல்லாமல் 2019 வாக்கில் நின்றதுதான், மதுரை விவசாயிகள் அதைத் திறக்கச் சொல்லி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணம் தாமதமாவதால் கரும்பு குறைகிறது, கரும்பு குறைவதால் ஆலை நஷ்டமாகிறது, நஷ்டத்தால் பணம் இன்னும் தாமதமாகிறது.

அதனால் பகுதி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று கரணைக்காரன் நினைத்தால், ஒருமுறை யோசிக்கச் சொல்வேன். மகாராஷ்டிரத்தில் 1990களின் இறுதியிலேயே எடுத்துவிட்டார்கள். அங்கே ஆலைகள் நெருக்கமாக இருப்பதால் போட்டி வந்தது. இங்கே ஒதுக்கீடு போனால் பலமான தனியார் ஆலை நாற்பது கிலோமீட்டர் தள்ளி வந்து கரும்பை அள்ளும், பலவீனமான கூட்டுறவு ஆலை இரண்டே வருடத்தில் மூடும். அதன் பிறகு அந்தப் பகுதியில் மறுபடி ஒரே ஆலைதான்.

கரணைக்காரன் | ஞாயிறு, இரவு 10.00

இந்த ஆபத்து உண்மை ஐயா. கூட்டுறவு ஆலையைப் பலி கொடுத்துவிட்டு எனக்குச் சுதந்திரம் வேண்டாம். அதனால் ஒதுக்கீட்டை ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. 14 நாளில் பணம் தராத ஆலைக்கு, அந்தப் பருவத்தில் ஒதுக்கீட்டு உரிமை தானாகப் போக வேண்டும். பணம் வராதவர் கரும்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று இருக்க வேண்டும். 14 நாள் கெடு அதே 1966 ஆணையில் இருக்கிறது, தாமதத்துக்கு வருடம் 15 சதவீத வட்டியும் இருக்கிறது. கடமையை மீறுகிறவருக்கு உரிமை மட்டும் எப்படித் தொடரும்?

மாநில அரசின் ஊக்கத்தொகையையும் யாரும் குறைத்துப் பேச வேண்டாம். 2023-24க்கு டன்னுக்கு 215 ரூபாய், 2024-25க்கு 349 ரூபாய். அதனால்தான் 3,151 ஆக இருந்தது 3,500 ஆனது, நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆனால் பரிந்துரை விலை என்பது ஆலை தர வேண்டிய கடன். ஊக்கத்தொகை வருடாவருடம் பட்ஜெட்டைப் பார்த்துக் கிடைப்பது. 2021 தேர்தலில் 4,000 ரூபாய் என்று வாக்குறுதி தந்தார்கள், உத்தரப் பிரதேசம் அந்த எண்ணைத் தொட்டுவிட்டது.

கட்டுமானத்துக்கும் ஒரு வழி கேட்கிறேன். ஆலை சொல்கிற எண்ணை ஆலையே அளக்கிறது. அரசு ஆய்வகம் ஒன்று வாராவாரம் மாதிரி எடுத்து, அந்த எண்ணை ஆலை வாசலில் பலகையில் எழுத வேண்டும். அடுத்த முத்தரப்புக் கூட்டத்தில் எங்கள் கோட்டத்திலிருந்து இந்த மூன்றையும் மனுவாக வைக்கப்போகிறோம்: தாமதித்தால் ஒதுக்கீடு ரத்து, வாராந்தரக் கட்டுமானப் பலகை, துணைப் பொருட்களையும் சேர்த்த 70 சதவீதக் கணக்கை ஆலைவாரியாக வெளியிடுவது.

பரு நாற்று | ஞாயிறு, இரவு 10.40

பலகையில் வாரக் கட்டுமானத்தோடு, வண்டி ஆலை வாசலில் நின்ற சராசரி நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எடைமேடை டோக்கனில் நேரம் இருக்கிறது, கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கட்டுமானம் வயலில் குறைந்ததா யார்டில் குறைந்ததா என்று யாருக்கும் புரியும்.

தோகைமேடு | திங்கள், காலை 6.15

போன பருவத்துப் பாக்கிக்கு 15 சதவீத வட்டி கேட்டு யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? என்ன ஆவணம் வைக்க வேண்டும்?

ஆலைக்கணக்கு | திங்கள், காலை 7.30

எடைச் சீட்டு, பணம் வந்த தேதி தெரியும் வங்கிப் பாஸ்புக் நகல், பதிவு ஒப்பந்த நகல். கரும்பு இறக்கிய நாளிலிருந்து 14 நாள் தள்ளி, 15ஆம் நாள் முதல் வட்டி ஓடும். ஒரு லட்ச ரூபாய் மூன்று மாதம் தாமதம் என்றால் 3,750 ரூபாய். ஆளாளுக்குத் தனி மனுவாக எழுதி, சர்க்கரைத் துறை ஆணையருக்கும் கலெக்டருக்கும் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூட்டு மனுவில் தொகை தெளிவாக இருக்காது, அதைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதிரிப் படிவம் ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்று மாலை இதே இழையில் போடுகிறேன்.